குடியேறினோமா, ஆக்கிரமித்தோமா?
நோட்டீசில் இருக்கும் ஒரு வினைச்சொல்லும் நம் நிலமும்





தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தால் நாம் என்ன பார்க்கிறோம்? சர்வே நம்பர் சரியா, பரப்பு சரியா, எந்தத் தேதிக்குள் பதில் சொல்லணும் என்று பார்க்கிறோம். அதோடு மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்து விடுகிறோம். ஆனால் அந்தத் தாளில் நம்மைச் சுட்டுகிற ஒரு சொல் இருக்கிறதே, அதை யாரும் நின்று படிப்பதில்லை. "ஆக்கிரமிப்பு செய்துள்ளீர்" என்கிறது அந்தத் தாள். நாம் ஆக்கிரமித்தோமாம்!

நம்ம பாட்டன் காலத்தில் யாரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "காடு திருத்தினோம்", "குடி வந்தோம்", "குடியேறினோம்" என்றுதான் சொன்னார்கள். கல் பொறுக்கியது, முள் வெட்டியது, வரப்பு போட்டது, கிணறு தோண்டியது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். இன்றைக்கு அதே செயலுக்குப் பெயர் வேறு. செயல் மாறவில்லை, செய்தவரும் மாறவில்லை. சொல்லை மட்டும் மாற்றி விட்டார்கள். சொல்லை மாற்றியதால் உரிமைக்காரன் குற்றவாளி ஆகிவிட்டான்.

இதைத்தான் இந்தப் பிரசுரத்தில் பேசப் போகிறோம். "சொல்லில் என்னய்யா இருக்கு, சோத்துக்கு வழியைப் பேசு" என்று சிலர் கேட்கலாம். சோத்துக்கு வழியே அந்தச் சொல்லில்தான் சிக்கிக் கிடக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

குடி என்றால் யார்?

நம்மைக் குடியானவர் என்கிறார்கள். குடி என்றால் வீடு, குடும்பம், உழுகிற சனம். விளைச்சலில் அரசுக்கோ மிராசுக்கோ போன பங்கு மேல்வாரம். உழுதவனுக்கு நின்ற பங்கு குடிவாரம். ஊர்ச் சனம் கூடி ஏரியைச் செப்பனிட்டால் அது குடிமராமத்து. காரைக்குடி, பரமக்குடி, மன்னார்குடி, தூத்துக்குடி என்று எத்தனை ஊர்ப் பெயர்கள்! அரியலூர், தஞ்சாவூர்ப் பக்கம் போனால் குடிக்காடு என்றே ஊர்கள் உண்டு. காடாக இருந்த இடத்தில் குடி வந்ததைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்த ஊர்களை எல்லாம் யாராவது ஆக்கிரமிப்பு என்று சொல்வார்களா?

கரிகாலன் காட்டை அழித்து ஊராக்கினான், குளம் வெட்டினான் என்று பட்டினப்பாலை அவனைப் புகழ்கிறது. ராஜா செய்தால் புகழ், ராமசாமி செய்தால் நோட்டீஸ். இது என்ன நியாயம்?

"ஆக்கிரமி" என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். மேலே பாய்ந்து பிடிப்பது என்று பொருள். சண்டைக்காரன் சொல் அது. ஒரு நாட்டுப் பட்டாளம் இன்னொரு நாட்டுக்குள் புகுந்தால் பத்திரிகைக்காரன் எழுதுகிற சொல். ஒண்ணரை ஏக்கர் மானாவாரியில் சோளமும் துவரையும் போட்டவனுக்கு இந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? நாம் யார் மேலே பாய்ந்தோம்?

தன்வினையும் பிறவினையும்

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். "குடியேறினான்" தன்வினை. தானாக வந்து, தன் கையால் உழைத்து, தங்கினான். "குடியேற்றினான்" பிறவினை. ஒருவர் அதிகாரத்தில் இருந்து இன்னொருவரைக் கொண்டுவந்து வைத்தார். இந்த இரண்டுக்கும் இடையில்தான் அரசியல் முழுவதும் இருக்கிறது.

அரசாங்கத்துக்கு நெல் வேணும், கிழங்கு வேணும் என்கிற காலத்தில் அது "குடியேற்றும்". தேவை முடிந்த பிறகு அதே ஆளைப் பார்த்து "ஆக்கிரமித்தாய்" என்று சொல்லும். இது நாம் கற்பனையாகச் சொல்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், நம்ம கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய இடுக்கி மலையில் நடந்ததைப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் சமயம் பஞ்சம். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1940களில் உணவுப் பயிர் செய்யச் சொல்லி வனநிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. சனம் மலை ஏறியது. மலேரியாவிலும் யானையிலும் தப்பியவர்கள் கப்பைக் கிழங்கு நட்டார்கள். பிறகு 1950களின் நடுவில், தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று மொழித் தகராறு நடந்த நேரத்தில், பட்டம் தாணுப்பிள்ளை அரசு ஹைரேஞ்சில் குடியேற்றத் திட்டமே போட்டது. தமிழர் அதிகம் வாழ்ந்த பகுதிகளில் ஆள் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பெயர் "காலனி". அப்போது அவர்கள் நாட்டுக்கு வேண்டியவர்கள்.

1961இல் என்ன ஆச்சு? இடுக்கி அணைத் திட்டத்துக்கு இடம் வேணும். அய்யப்பன்கோவில் பகுதி விவசாயிகளைக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றிக் குமுளி பக்கம் அமராவதியில் மழையில் கொண்டுபோய் விட்டார்கள். தோழர் ஏ.கே. கோபாலன் அங்கேயே உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார். ஊரே திரண்டது. அதற்குப் பிறகுதான் அரசு இறங்கி வந்து பேசியது.

அந்த மலையில் இன்றுவரை இரண்டு சொற்களை வைத்துத்தான் சண்டை. மலையாளத்தில் ஒன்று குடியேற்றம். இன்னொன்று கையேற்றம். உழைத்துப் பிழைக்க வந்தவன் குடியேற்றக்காரன். ரிசார்ட்டு கட்டப் பணத்தோடு வந்தவன் கையேற்றக்காரன். அங்கே இருக்கிற விவசாயி இந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டான். அதனால் 1977 ஜனவரி 1க்கு முன்னால் வனநிலத்தில் இருந்தவர்களுக்குப் பட்டா கொடுக்க 1993இல் கேரளத்தில் தனி விதிகளே வந்தன. எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லை விட்டுக்கொடுத்திருந்தால் அந்த விதியும் வந்திருக்காது.

நமக்கோ தமிழில் அந்த இரண்டாவது சொல்லே இல்லாமல் போச்சு. ஏரியைப் பிளாட் போட்டு விற்றவனும் ஆக்கிரமிப்பாளர். அரை ஏக்கர் தரிசில் எள்ளு விதைத்தவளும் ஆக்கிரமிப்பாளர். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டியதால் யாருக்கு லாபம்? நடவடிக்கை என்று வரும்போது முதலில் யார் மேல் கை வைக்கிறார்கள்? நமக்குத் தெரியாதா!

தரிசு எப்படி அரசாங்கத்துச் சொத்து ஆச்சு?

1792இல் பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடி போட்டார்கள். ஒவ்வொரு ரயத்தின் நிலத்தையும் அளந்து, தீர்வை கட்டி, பட்டா கொடுப்பது என்பது ஏற்பாடு. பட்டாவுக்குள் வராதது எல்லாம் சர்க்காருடையது. மாடு மேய்ந்த தரிசு, விறகு பொறுக்கிய கரடு, களம் போட்ட மந்தை எல்லாம் கணக்கில் ஏறாமல் நின்றது. அதுதான் புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்கு வெளியே போனது என்பதுதான் அதன் அர்த்தம். இன்றைக்கு அதை ஒரு வசவாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

1882இல் சென்னை வனச்சட்டம் வந்து காட்டை அடைத்தது. 1905இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் போனான், அவன் போட்ட சட்டம் போகவில்லை. இன்றும் நமக்கு வருகிற நோட்டீஸ் அந்த 1905ஆம் வருசச் சட்டத்தின் 7ஆம் பிரிவில்தான் வருகிறது. 3ஆம் பிரிவில் தீர்வை, 5ஆம் பிரிவில் அபராதம், 6ஆம் பிரிவில் வெளியேற்றம். நிற்கிற பயிரையே பறிமுதல் செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். 14ஆம் பிரிவு சிவில் கோர்ட்டுக்குப் போகிற வழியையும் அடைக்கிறது.

பி மெமோ போடுகிறான், பணம் கட்டுகிறோம். வருசா வருசம் கட்டுகிறோம். நம்மிடம் காசு வாங்கும்போது அது அரசுக்கு வருமானம். நாம் பட்டா கேட்கும்போது அது ஆக்கிரமிப்பு. திருட்டுச் சொத்து என்றால் அதற்கு வரி வாங்கலாமா?

யார் செய்தால் என்ன வினைச்சொல்?

அரசாங்கம் நம் பட்டா நிலத்தை எடுத்தால் அதற்குப் பெயர் "கையகப்படுத்துதல்". கையில் அகப்படுத்திக் கொள்வது. ஆக்கிரமிப்புக்கு இதைவிட நல்ல தமிழ் கிடையாது! ஆனாலும் அது மரியாதையான சொல்.

கம்பெனிக்குப் புறம்போக்கு போனால் அதற்குப் பெயர் "நில உரிமை மாற்றம்". 2023இல் சட்டமன்றத்தில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 எக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், நடுவில் நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருந்தாலும் சேர்த்தே கொடுக்க வழி செய்கிறது அந்தச் சட்டம். அங்கே வினைச்சொல் "ஒருங்கிணை".

அனுமதி இல்லாமல் விளைநிலத்தைப் பிளாட் போட்டு விற்றார்களே, அவர்களுக்கு? 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்றிருந்தால் கட்டணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று 2017இல் விதி போட்டார்கள். அங்கே வினைச்சொல் "வரன்முறைப்படுத்து".

100 எக்டேர் எடுத்தால் ஒருங்கிணைப்பு. விளைநிலத்தைக் கூறு போட்டால் வரன்முறை. ஒண்ணரை ஏக்கரில் உழுது பயிர் செய்தால் ஆக்கிரமிப்பு. இலக்கணத்தில் வினைச்சொல் செய்கிறவனைப் பார்த்து விகுதிதான் மாறும். நம்ம ஊரில் செய்கிறவன் மடியில் இருக்கிற பணத்தைப் பார்த்து வினைச்சொல்லே மாறுகிறது!

"காலனி" என்ற சொல்லின் கதை

ரோமாபுரி மொழியில் கொலோனுஸ் என்றால் உழவன். உழுவது என்ற வினையிலிருந்து பிறந்த சொல். ரோம ராஜ்யம் புதுசாகப் பிடித்த இடங்களில் உழவர்களைக் கொண்டுபோய் வைத்த ஊர்தான் கொலோனியா. அந்த உழவனுக்கு என்ன ஆச்சு தெரியுமா? காலப்போக்கில் அவன் பெரிய பண்ணைகளுக்கு வாரதாரன் ஆனான். கி.பி. 332இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் ஒரு சட்டம் போட்டான். ஓடிப்போக நினைக்கிற கொலோனுஸைச் சங்கிலியால் பிணைக்கலாம் என்றது அது. குடியேறிய உழவன் மண்ணோடு கட்டிய அடிமை ஆனான்.

அந்தச் சொல் வெள்ளைக்காரன் கப்பலில் ஏறி இங்கே வந்தது. நாடு பிடிப்பதற்குக் காலனி என்று பேர் வைத்தான். இங்கே வந்தவன் உழவா செய்தான்? நம்மிடம் தீர்வை வாங்கினான். உழவன் சொல்லைத் திருடிக் கொள்ளைக்குப் பேர் வைத்தான். பிறகு அதே சொல் நம் ஊர்களில் ஒதுக்கி வைத்த மக்களின் தெருவுக்குப் பெயராக நின்றது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி!

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். "காலனி" என்ற சொல் இழிவின் அடையாளமாகி விட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். நாம் வரவேற்கிறோம். ஒரு சொல் மனிதனைத் தாழ்த்துகிறது, அதை ஆவணத்திலிருந்து எடுக்கலாம் என்று அரசே ஒத்துக்கொண்டது. அதே நியாயத்தைத்தான் இப்போது நாம் கேட்கிறோம். சிறு விவசாயியின் பெயருக்கு எதிரே எழுதுகிற "ஆக்கிரமிப்பாளர்" என்ற சொல்லை எடு!

யாரை நீக்கி?

நமக்குச் சாதகமானதை மட்டும் பேசினால் அது சங்கத்துக்கு அழகில்லை. "குடியேறு" என்பதும் அப்பழுக்கில்லாத சொல் கிடையாது. பழைய கல்வெட்டுகளில் நிலதானம் எழுதும்போது "குடிநீக்கி" என்றும் "குடிநீங்கா" என்றும் இரண்டு விதமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். முன்னே இருந்த குடிகளை வெளியேற்றிவிட்டுக் கொடுத்தது ஒன்று. இருக்கிற குடிகளை அப்படியே விட்டுக் கொடுத்தது இன்னொன்று. ஆயிரம் வருசத்துக்கு முந்திய எழுத்தனுக்கே தெரிந்திருக்கிறது, ஒருவன் குடியேறும்போது இன்னொருவன் குடி என்ன ஆச்சு என்று கேட்கணும் என்று.

அந்தக் கேள்வியை நாமும் நம்மைக் கேட்போம். யாரை நீக்கி?

மலையில் ஆதிவாசி மக்கள் வாழ்ந்த இடத்தைப் பிடித்துவிட்டுக் குடியேறினோம் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நடந்தது வரலாற்று அநீதி என்று முகப்பிலேயே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். உரிமையைக் "கொடுப்பது" என்று இல்லை, "அங்கீகரிப்பது" என்று இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற உரிமையை ஒத்துக்கொள்வது. பழங்குடி அல்லாத மற்றவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம் அங்கே இருந்ததைக் காட்டணும்.

பஞ்சமி நிலத்தையும் பேசணும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. வேறு யாரும் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இன்று அதில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது? அதைக் கேட்டதற்காக 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிர் போனது. "ஆக்கிரமிப்பு" என்ற சொல் எங்கே பொருந்துமோ அங்கே அதை எழுதப் பேனா வர மாட்டேன் என்கிறது. பஞ்சமி நிலத்தை வைத்திருப்பவர் நம் சங்கத்தில் இருந்தாலும் சரி, அவருக்காக இந்தப் பிரசுரம் பேசாது.

ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கும் அப்படித்தான். தண்ணீர்ப் பாதையை மறித்தவன் நூறு விவசாயியின் குடியைக் கெடுத்தவன். அங்கே நாம் உரிமை கேட்கவில்லை.

ஆகவே நம்முடைய அளவுகோல் இதுதான். யாரையும் நீக்காமல், தண்ணீரை மறிக்காமல், தன் உழைப்பால் தரிசைத் திருத்திப் பல வருசமாகப் பயிர் செய்து, அதை வைத்துப் பிழைக்கிற சிறு விவசாயி குடியேறியவர். இவை இல்லாமல் பணத்தாலோ அதிகாரத்தாலோ பிடித்தவர் ஆக்கிரமிப்பாளர். இப்படி ஒரு கோடு போடச் சொல்லித்தான் அரசைக் கேட்கிறோம். கோடு போட அவர்களுக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது? கோடு போட்டால் பெரிய புள்ளிகள் அந்தப் பக்கம் தனியாக நிற்க வேண்டி வருமே!

சொல்லை மாத்தினா பட்டா வந்துடுமா?

வராது. அதை ஒளிக்காமல் சொல்கிறோம். மனுவில் "குடியானவர்" என்று எழுதியதால் மட்டும் தாசில்தார் பட்டா கொடுத்துவிட மாட்டார். ஆனால் "ஆக்கிரமிப்பாளர்" என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால், தீர்ப்பை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எத்தனையோ பேர் ஜமாபந்தியில் "நான் ஆக்கிரமிப்பு செய்துள்ள நிலத்துக்குப் பட்டா வழங்க வேண்டுகிறேன்" என்று மனு எழுதுகிறார்கள். மனு எழுதிக் கொடுக்கிறவர் பழக்கத்தில் எழுதிவிடுகிறார். நாமும் ரேகை வைத்துவிடுகிறோம். இனி அது கூடாது.

வீட்டுக்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் சென்னையைச் சுற்றிய பெல்ட் ஏரியாவிலும் மற்ற நகரப் பகுதிகளிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வீடு கட்டி வாழும் 86,000 பேருக்குப் பட்டா கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. நல்ல காரியம். குடியிருக்கிறவனுக்குச் செய்ததைப் பயிர் வைக்கிறவனுக்குச் செய்ய என்ன ஆட்சேபணை? வீட்டில் குடியிருப்பதும் குடிதான், வயலில் விளைய வைப்பதும் குடிதான்.

விவசாயிகளே, இதைச் செய்யுங்கள்:

1. பி மெமோ ரசீது ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அபராதம் என்று அவன் வாங்கியது, இத்தனை வருசம் நாம் அங்கே இருந்ததற்கு அவனே கொடுத்த சாட்சி. அடங்கல் நகல் எடுத்து வையுங்கள்.

2. 7ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் வாயால் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெளியேற்ற உத்தரவு போட்டால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தேதியைத் தவற விடாதீர்கள்.

3. மனுவில் "ஆக்கிரமிப்பு" என்று எழுதாதீர்கள். "தரிசு நிலத்தைத் திருத்தி, இன்ன வருடம் முதல் சாகுபடி செய்துவரும் குடியானவர்" என்று எழுதுங்கள். வருசத்தைக் கட்டாயம் போடுங்கள். பொய் வருசம் போடாதீர்கள். ஒருவர் பொய் ஊருக்கே கேடாக முடியும்.

4. தனியாகப் போகாதீர்கள். ஒரே சர்வே நம்பரில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள். பெண்கள் பெயரையும் மனுவில் சேருங்கள். களை எடுத்தது யார், கல் பொறுக்கியது யார் என்று நமக்குத் தெரியும்.

அரசிடம் நாம் கேட்பது:

* நீர்நிலை அல்லாத, ஆட்சேபணையற்ற தரிசில் பல ஆண்டுகளாகச் சாகுபடி செய்யும் சிறு, குறு விவசாயிகளைக் கணக்கெடுத்துப் பட்டா கொடு!

* கணக்கு முடியும் வரை பயிர் நிற்கும் நிலத்தில் வெளியேற்றம் செய்யாதே!

* வருவாய்ப் பதிவேட்டில் இவர்களை "சாகுபடிதாரர்" என்று எழுது! "ஆக்கிரமிப்பாளர்" என்ற சொல்லை நீர்நிலையை விழுங்கியவர்களுக்கும் பஞ்சமி நிலத்தைப் பிடித்தவர்களுக்கும் வைத்துக்கொள்!

* 1905ஆம் வருசத்து வெள்ளைக்காரச் சட்டத்தைத் திருத்து! உழுகிறவனையும் சூறையாடுகிறவனையும் பிரித்துப் பார்க்க வழி செய்!

விவசாயப் பெருமக்களே! நிலத்தைப் பறிக்க வருகிறவன் முதலில் பொக்லைனைக் கொண்டு வருவதில்லை. ஒரு சொல்லைத்தான் கொண்டு வருகிறான். அந்தச் சொல்லை நாம் ஒத்துக்கொண்ட பிறகுதான் பொக்லைன் வரும். ஆகவே சொல்லிலேயே மறிப்போம். வரும் கிராம சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள், ஜமாபந்தியில் எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் பாயவில்லை, பறிக்கவில்லை. குடியேறினோம், உழுதோம், ஊருக்குச் சோறு போட்டோம். குடியானவரைக் குடியானவர் என்று எழுது!

உழுபவருக்கே நிலம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்.